எந்த முனை அரிக்கிறது? மின்சாரம் பாயும் உலோகத்தில் அரிப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிமுறை

சிங்கப்பூரில் ஒரு கருவி அரித்துப்போனால் எல்லாரும் சொல்லும் காரணம் ஈரப்பதம். அதில் உண்மை இருக்கிறது. விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 வரை இறங்கும். ஆண்டுச் சராசரி 80க்கு மேல். போதாததற்குச் சுற்றிலும் கடல். ஆனால் ஒரே மின்சுற்றுப் போர்டில், ஒரே ஈரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளில் ஒன்று பச்சையாகக் களிம்பேறிக் கரைந்திருக்கும், மற்றது கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கும். ஈரம் மட்டும் காரணம் என்றால் இப்படி நடக்காது.

ஈரம் பாதையைத் திறந்துவிடுகிறது. அந்தப் பாதையில் எந்த உலோகம், எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை மின்புலம், அதாவது வோல்ட் வேறுபாடு உண்டாக்கும் இழுப்பு, முடிவு செய்கிறது. இதைப் பார்க்காமல் பழுதான பகுதியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே இடத்தில் அதே வேகத்தில் அரிக்கும். அப்படி ஒரே பகுதியை மறுபடியும் மறுபடியும் காசு கொடுத்து மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: மின்புலம் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது

உலோக அணு எலக்ட்ரானை இழப்பதுதான் ஆக்ஸிஜனேற்றம். இழந்த அணு நேர்மின்னேற்றம் கொண்ட அயனியாகிறது. மின்னேற்றம் உள்ள எதையும் மின்புலம் நகர்த்தும். ஆகவே அயனி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

முதல் இடம், உலோகத்தின் மேலே இயல்பாக உருவாகும் ஆக்சைடு படலம். வெளியிலிருந்து மின்சாரமே கொடுக்காவிட்டாலும் அங்கே ஒரு மின்புலம் உண்டு. இயற்பியலாளர்கள் நிக்கோலஸ் கப்ரேராவும் நெவில் மாட்டும் 1940களின் இறுதியில் இதை விளக்கினார்கள். புதிதாக வெட்டிய அலுமினியத்தின் மேல் ஆக்ஸிஜன் வந்து ஒட்டுகிறது. உலோகத்தின் எலக்ட்ரான்கள் மெல்லிய படலத்தை ஊடுருவி அந்த ஆக்ஸிஜனிடம் சேர்கின்றன. படலத்தின் மேற்புறம் எதிர்மின்னேற்றம், அடியில் நேர்மின்னேற்றம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 வோல்ட். படலத்தின் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான் என்பதால் மின்புலம் மீட்டருக்கு 30 கோடி வோல்ட்டைத் தாண்டுகிறது. காற்றில் தீப்பொறி பறக்கவே மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும், அதைப்போல் நூறு மடங்கு இது! இந்த இழுப்பில்தான் உலோக அயனிகள் அறை வெப்பத்திலும் படலத்துக்குள் நகர்கின்றன. படலம் தடிக்கத் தடிக்க மின்புலம் வலுவிழக்கிறது, வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோகிறது. அலுமினியச் சன்னல் சட்டம் இத்தனை மழையிலும் கரையாமல் நிற்பது இதனால்தான்.

இரண்டாவது இடம், இரண்டு உலோகங்களுக்கு நடுவே தங்கியிருக்கும் ஈரப் படலம். அடாப்டரோ மின்கலமோ கொடுக்கும் சில வோல்ட் அந்த ஈரத்தின் குறுக்கே நிற்கும். பிளஸ் பக்கத்து உலோகம் எலக்ட்ரானை இழந்து அயனியாக நீரில் இறங்கும், மைனஸை நோக்கி நகரும். இங்கே மின்புலம் சிறியது. ஆனால் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் வளர்வதில்லை என்பதால் உலோகம் தீரும்வரை வேலை தொடரும். நாம் பழுது என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இன்னொன்று: இந்தத் தொல்லை பெரும்பாலும் டிசியில்தான், அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரத்தில்தான். நம் வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. போன அயனியில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடுவதால் அதே அளவு டிசியோடு ஒப்பிட்டால் அரிப்பு மிகக் குறைவு. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், ஒரு பூதக்கண்ணாடி அல்லது கைப்பேசிக் கேமரா, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மென்மையான பழைய பல்துலக்கி. 230 வோல்ட் இணைப்பில் கை வைக்கும் வேலை எதுவும் உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. கீழே சொல்வதெல்லாம் பிளக்கைக் கழற்றிய பிறகு, அல்லது அடாப்டருக்கு அப்புறம் வரும் குறைந்த வோல்ட் பகுதியில் செய்வது.

அறிகுறி: எல்இடி பட்டையில் ஒரு முனை மட்டும் பச்சை, ஒரு பகுதி எரியவில்லை

பூஜை மேடையில், மாடத்தின் கம்பியில், தீபாவளிக்கு வாசலில் என்று 12 வோல்ட் எல்இடி பட்டை இல்லாத வீடு இப்போது குறைவு. கொஞ்ச நாளில் ஒரு பகுதி மங்கும், பிறகு அணையும். வெட்டும் கோட்டின் அருகே உள்ள செம்புத் திட்டைப் பாருங்கள். பக்கத்திலேயே கூட்டல் குறி அச்சிட்டிருக்கும். பச்சையோ நீலப்பச்சையோ படிந்திருப்பது அந்தக் குறியிருக்கும் பக்கம் என்றால் காரணம் கிடைத்துவிட்டது: ஈரத்தின் வழியாக பிளஸிலிருந்து மைனஸுக்கு மின்சாரம் கசிகிறது. மைனஸ் திட்டு பெரும்பாலும் முழுசாக இருக்கும், சில சமயம் அதன் மேல் கறுப்பாகத் தூள் படிந்திருக்கும். அது பிளஸிலிருந்து கரைந்து வந்து இங்கே படிந்த செம்பு.

கசிவு கொஞ்சம்தானே என்று நினைக்கக் கூடாது. கணக்கைப் பாருங்கள். 1 மில்லிஆம்பியர் ஓர் ஆண்டு முழுவதும் பாய்ந்தால் சுமார் 10 கிராம் செம்பைக் கரைக்கும். அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரோஆம்பியர், மட்டும் கசிகிறது என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம், 35 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள செம்புத் திட்டின் எடை ஏறத்தாழ 3 மில்லிகிராம். கசிவு முழுவதும் செம்பைக் கரைக்கவே போனால் அந்தத் திட்டு இரண்டு வாரம் தாங்காது.

அடுத்து, அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும் அளவுக்கு எப்படி மாறியது என்று பாருங்கள். சுத்தமான நீர் அவ்வளவாகக் கடத்தாது, உப்பு வேண்டும். மாடத்தில் அது கடற்காற்றிலிருந்து வரும், விரலின் வியர்வையிலிருந்தும் வரும். பூஜை மேடையில் விபூதி. சாம்பலில் நீரில் கரையும் உப்புகள் உண்டு, காற்றின் ஈரத்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். பன்னீர் தெறித்தால் வேலை முடிந்தது. பட்டையை மேடையின் தரையில் ஒட்டாமல் மேல் சட்டத்தின் உட்புறத்தில் ஒட்டினாலே பாதித் தொல்லை போய்விடும்.

சரி, சரிசெய்வது எப்படி? பச்சையான பகுதியை வெட்டு கோட்டில் வெட்டி நீக்குங்கள். பச்சையைச் சுரண்டி அதன் மேலேயே சால்டர் வைத்தால் அடியில் இருக்கும் உப்பு மீண்டும் ஈரத்தை இழுக்கும். புதிய முனையை ஆல்கஹாலால் துடைத்து, கம்பியைச் சால்டர் செய்து, சால்டர் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃபிளக்ஸின் மிச்சத்தைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதன் பிறகே மூடுங்கள். மூட நியூட்ரல் வகை சிலிக்கான் வாங்குங்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், செம்புக்கு அது ஆகாது. இந்த ஒரு விஷயத்தைக் கடையில் கேட்டு வாங்குவது அவசியம்.

அப்புறம், ரிமோட்டில் அணைப்பதோடு விடாதீர்கள். ரிமோட்டால் அணைத்தாலும் அடாப்டரிலிருந்து கட்டுப்படுத்தும் பெட்டி வரை 12 வோல்ட் இரவு பகலாக நிற்கும். அந்தப் பெட்டியின் இணைப்பிகள் முதலில் அரிப்பதற்கு இதுவே காரணம். சுவரிலுள்ள சுவிட்சில் அணையுங்கள். மின்புலம் இல்லாத ஈரம் இந்த அளவுக்குச் சேதம் செய்யாது.

மைனஸ் பக்கம் பாதுகாப்பானது என்ற கருத்துக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. மைனஸ் முனையில் நீர் பிரியும்போது அங்கே காரம் சேர்கிறது. செம்புக்கும் இரும்புக்கும் அதனால் கெடுதல் இல்லை. அலுமினியத்தின் பாதுகாப்புப் படலம் காரத்தில் கரைந்துவிடும். பட்டையை ஒட்டிய அலுமினியத் தடம் மைனஸோடு தொட்டுக்கொண்டு, அதன் மேல் வெள்ளைக் கூழ் போலப் படிந்திருந்தால் அரிப்பது மைனஸ் பக்கம்தான். பட்டைக்கும் தடத்துக்கும் நடுவே மின்காப்பு நாடா ஒட்டுவது அதற்குத் தீர்வு.

இந்த முனைக் கணக்கைத் தொலைபேசித் துறையினர் வெகுகாலம் முன்பே பிடித்துவிட்டார்கள். தொலைபேசி நிலையங்களில் 48 வோல்ட் மின்கலத்தின் பிளஸ் முனையை நிலத்தோடு இணைத்து, செம்புக் கம்பிகளை நிலத்தைவிட எதிர்மின்னழுத்தத்தில் வைத்தார்கள். ஈரமண்ணில் கசிவு வந்தாலும் கரைவது கம்பியாக இருக்கக் கூடாது என்பது நோக்கம். எவ்வளவு எளிமையான, எவ்வளவு அழகான முடிவு!

அறிகுறி: காலையில் தானாக இயங்குகிறது அல்லது முரண்டு பிடிக்கிறது, மதியம் சரியாகிவிடுகிறது

தானியங்கிக் கதவின் பலகை, ஏர்கானின் வெளிப்புறப் போர்டு, வாசல் மணி. மழை பெய்த மறுநாள் காலை தொல்லை, மின்பணியாளர் வரும் பிற்பகலில் எல்லாம் ஒழுங்கு. இந்த வகைப் பழுதைத் தேடிப் பிடிப்பது கடினம், ஆனால் நேரமே ஒரு துப்பு. ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும்போது வருவது, இறங்கும்போது போவது.

போர்டின் தடங்களுக்கு நடுவே 5 வோல்ட், இடைவெளி 0.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மீட்டருக்கு 25,000 வோல்ட். கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்துக்கு இது தாராளம். பிளஸ் தடத்தின் உலோகம் கரைந்து, மைனஸுக்குப் போய் மீண்டும் உலோகமாகப் படிகிறது. படியும்போது சமமாகப் படியாது. எங்கே சின்னக் கூர்மை இருக்கிறதோ அங்கே மின்புலம் குவிகிறது, அடுத்த அயனியும் அங்கேயே வருகிறது, கூர்மை இன்னும் நீள்கிறது. இப்படி மைனஸிலிருந்து பிளஸை நோக்கி மரக்கிளை போலக் கிளைத்து ஓர் உலோக இழை வளரும். வெள்ளியில் இது மிக எளிதாக நடக்கும். செம்பு, வெள்ளீயம், ஈயம் ஆகியவற்றிலும் நடக்கும். இழை பிளஸைத் தொட்டவுடன் குறுக்குச்சுற்று. மெல்லிய இழை அந்த மின்னோட்டத்திலேயே எரிந்தும்போகலாம். அதனால்தான் பழுது தானே வந்து தானே போகிறது, திறந்து பார்த்தால் தடயம்கூட இருப்பதில்லை.

உறுதிசெய்யும் முறை இது. மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டர்களில் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கும்வரை காத்திருங்கள். சந்தேகமான இரண்டு தடங்களுக்கு நடுவே மல்டிமீட்டரை முதலில் மில்லிவோல்ட்டில் வையுங்கள். மின்சாரமே இல்லாத போர்டில் சில பத்து மில்லிவோல்ட் மெதுவாக அசைந்துகொண்டிருந்தால் அங்கே ஈரமும் உப்பும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாக மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து மின்தடையை அளந்து, முனைகளை மாற்றிப் பிடித்து மறுபடி அளங்கள். இரண்டு அளவும் வேறுபட்டு, எண்ணும் நிலைகொள்ளாமல் நகர்ந்தால் அது ஈரத்தின் வேலை. நடுவில் டையோடோ டிரான்சிஸ்டரோ இருந்தாலும் அளவு வேறுபடும் என்பதால், அதே மாதிரி நல்ல போர்டு ஒன்று இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசிச் சோதனை எளிது: போர்டின் மேல் வாயால் மெல்ல ஊதுங்கள். மெகா ஓமில் இருந்த அளவு சட்டென்று சரிந்து, சற்று நேரத்தில் ஏறினால் இடத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

சரிசெய்ய, ஆல்கஹாலில் நனைத்த பல்துலக்கியால் தேய்த்து, புதிய ஆல்கஹாலால் ஒருமுறை கழுவி வடியவிடுங்கள். அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிவிட்டு நிறுத்துவது பலர் செய்வது, அது போதாது. உப்பு ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது என்பதால் கடற்கரைப் பக்கத்து வீடுகளின் போர்டுகளை முதலில் அயனி நீக்கிய நீரால் கழுவி, பிறகு ஆல்கஹாலால் நீரை வெளியேற்றுவது நல்லது. நன்றாகக் காய்ந்த பிறகு போர்டுக்கான காப்புப் பூச்சை அடியுங்கள். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் தெளிப்பானாகக் கேட்டுப் பாருங்கள். ஈரமும் உப்பும் இருக்கும்போதே பூசினால் இரண்டையும் உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும், பூச்சுக்கு அடியில் அரிப்பு நிம்மதியாகத் தொடரும்.

கழுவியும் பூசியும் அதே இரண்டு துளைகளுக்கு நடுவே மின்தடை குறைவாகவே இருந்தால், இழை போர்டின் உள்ளே கண்ணாடி நார் வழியாக வளர்ந்திருக்கலாம். இந்த வகை நேர்மாறாக பிளஸிலிருந்து மைனஸை நோக்கி வளர்கிறது, மேலிருந்து எதைச் செய்தாலும் எட்டாது. போர்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: செடிக்கான ஈரமானியின் ஒரு கால் மட்டும் கரைந்துவிட்டது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் நடைபாதையில் கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் பலர் இப்போது மண்ணின் ஈரத்தை அளந்து தானே நீர் விடும் சின்னக் கருவி செய்கிறார்கள். மலிவான ஈரமானியில் இரண்டு கால், நடுவே மண்ணின் மின்தடையை அளக்கும். ஒரு காலில் எப்போதும் பிளஸ் இருப்பதால் அது செம்பு தெரியும்வரை உரிந்து, பிறகு செம்பும் போய்விடும். கரைந்த செம்பு போவது உங்கள் தொட்டி மண்ணுக்குத்தான்.

கருவியில் பழுதில்லை, மின்சாரம் கொடுக்கும் முறையில்தான் பழுது. அளக்கும் நேரத்தில் மட்டும் சில மில்லிநொடி மின்சாரம் கொடுத்து நிறுத்துங்கள். மணிக்கு ஒரு முறை அளந்தாலே செடிக்குப் போதும். ஒவ்வொரு அளவுக்கும் முனையை மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இதைவிட, உலோகம் மண்ணைத் தொடாத மின்தேக்கு வகை ஈரமானி வாங்குவது சிறந்தது. அதன் விளிம்புகளையும் மேலேயுள்ள மின்னணுப் பகுதியையும் காப்புப் பூச்சால் மூடிவிடுங்கள், ஈரம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழையும்.

அறிகுறி: சார்ஜ் கம்பியின் முனையில் ஓர் ஊசி மட்டும் கறுத்திருக்கிறது

கறுத்தது 5 வோல்ட் ஊசியாக இருக்கும். ஒரு பக்கம் பழைய அகலமான யுஎஸ்பி, மறு பக்கம் சி வகை உள்ள கம்பியில், கைப்பேசி இல்லாவிட்டாலும் 5 வோல்ட் எப்போதும் முனையில் நிற்கும். வியர்வை பட்ட கையோடு தொட்டு மேசையில் விட்டால் போதும். இரு பக்கமும் சி வகையாக இருந்தால், மறுமுனையில் கருவி இருப்பதை உணர்ந்த பிறகே சார்ஜர் மின்சாரம் கொடுக்கும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. கறுத்த கம்பியைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். தங்கப்பூச்சு போயிருக்கும், தொடுமுனை சூடேறி கைப்பேசியின் துளையையும் கெடுத்துவிடும். கைப்பேசி ஈரம் என்று எச்சரித்தால் காயும்வரை சார்ஜ் போடாமல் இருங்கள், அந்த எச்சரிக்கை இதற்காகத்தான்.

அறிகுறி: மின்சாரமே இல்லை, ஆனாலும் திருகைச் சுற்றி வெள்ளைத் தூள்

அலுமினியத்தில் எவர்சில்வர் திருகு. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அவையே ஒரு மின்கலம், அலுமினியம் எலக்ட்ரானை இழக்கும் பக்கம். இங்கே பார்க்க வேண்டியது பரப்பளவு. பெரிய அலுமினியத்தில் சின்ன எவர்சில்வர் திருகு என்றால் அரிப்பு பரவலாகி மெதுவாக நடக்கும். பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் என்றால் ரிவெட் விரைவில் போய்விடும். வெளிப்புறம் திறக்கும் சன்னல்களின் அலுமினிய ரிவெட்டுகளை எவர்சில்வருக்கு மாற்ற வேண்டும் என்று 2004இல் இங்கே ஆணையே வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சின்ன ரிவெட் எவர்சில்வராக இருப்பதும், அருகிலுள்ள அலுமினியச் சட்டம் அகலமாக இருப்பதும் சரியான சேர்க்கை. மற்ற இடங்களில் நைலான் வாஷர் வைத்து இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

அறிகுறி: படகின் துத்தநாகக் கட்டி வழக்கத்தைவிட வேகமாகத் தீர்கிறது

படகின் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பதே அது முதலில் கரைந்து புரொப்பெல்லரையும் தண்டையும் காப்பதற்காக. இந்த யோசனையைத் தொடங்கி வைத்தவர் 1824இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் வைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. கூடவே, கரைந்த செம்பின் நஞ்சு இல்லாமல் போனதால் பாசியும் சிப்பியும் ஒட்டிக் கப்பலின் வேகம் குறைந்தது.

1 ஆம்பியர் ஓர் ஆண்டில் சுமார் 10.7 கிலோ துத்தநாகத்தைத் தின்னும். ஒரு கிலோ கட்டிக்கு ஒரு மாதம் சொச்சம். எனவே கட்டி விரைவில் தீர்ந்தால் எங்கோ கூடுதல் மின்னோட்டம் இருக்கிறது. எங்கே என்பதைப் பிரிக்க, வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்வாயை (மின்னழுத்தம் மாறாமல் நின்று அளவுகோலாக உதவும் முனை) நீரில் தொங்கவிட்டு, படகின் அடிப்பகுதி உலோகத்துக்கும் அதற்கும் நடுவே அளங்கள். கரையிலிருந்து வரும் மின்கம்பியைக் கழற்றும்போது அளவு மாறினால் தொல்லை வருவது எர்த் கம்பி வழியாக: பக்கத்துப் படகுகள் எல்லாம் அந்தக் கம்பியில் இணைந்திருப்பதால் உங்கள் துத்தநாகம் அவற்றையும் காத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு எர்த் கம்பியில் கால்வானிக் தடுப்பான் போட வேண்டும். அது ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்கு உட்பட்ட டிசியை மட்டும் தடுக்கும், பழுது மின்னோட்டத்தைப் போகவிடும். எர்த் கம்பியை வெட்டிவிடுவதை ஒருபோதும் செய்யாதீர்கள், நீரில் இருப்பவர் உயிர் போகலாம்.

கரைக் கம்பியால் மாற்றமில்லை, படகின் மின்கல முதன்மைச் சுவிட்சை அணைத்தால் மாறுகிறது என்றால் உங்கள் படகிலேயே 12 வோல்ட் கசிகிறது. அடித்தளத்து நீரிறைக்கும் பம்பின் கம்பி இணைப்பை முதலில் பாருங்கள், நீரில் கிடப்பது அதுதான். இது அவசரம். உலோகங்களுக்கு இடையிலான இயல்பான வேறுபாடு ஒரு வோல்ட் அளவில்தான், இங்கே 12 வோல்ட் தள்ளுகிறது.

அறிகுறி: வெகுநாள் கிடந்த ஆம்பிளிஃபையரைப் போட்டவுடன் ஹம், சூடு, வெடிச்சத்தம்

மின்புலத்தால் உண்டாகும் ஆக்ஸிஜனேற்றம் இங்கே நமக்கு வேண்டியது. மின்பகுளிக் கெப்பாசிட்டரின் உள்ளே அலுமினியத் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலமே மின்காப்பு. தொழிற்சாலையில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் என்ற கணக்கில் அதை வளர்க்கிறார்கள். படலத்தின் வழியே பாயும் அயனி மின்னோட்டம் மின்புலத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் கூடும் என்பதை 1934இல் குந்தர்ஷுல்ட்ஸ், பெட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மின்புலம் சிறிது குறைந்தாலே வளர்ச்சி படுத்துவிடுவதால், கொடுத்த வோல்ட்டுக்கு ஏற்ற தடிமனில் படலம் தானே நிற்கிறது. டைட்டேனியத்தில் சாயமே இல்லாமல் வோல்ட்டை மாற்றி நீலம், மஞ்சள், ஊதா என்று நிறம் கொண்டுவருவதும் இந்தத் தடிமனை வைத்துத்தான்.

கருவி பல ஆண்டு ஸ்டோர் ரூமில் மின்சாரமின்றிக் கிடந்தால் படலம் இடையிடையே பலவீனமாகும். முழு வோல்ட்டை ஒரேயடியாகக் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் பாய்ந்து, சூடேறி, வாயு சேர்ந்து மேல்மூடி உப்பும். உப்பியதும் ஒழுகியதும் குப்பைக்கு. வெளியே நன்றாக இருப்பதைக் கழற்றி, சில ஆயிரம் ஓம் மின்தடையின் வழியாக, முனை மாறாமல், குறைந்த வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் கசிவு இறங்கி நிலைக்கும்வரை காத்திருங்கள். அது இறங்குவதன் பொருள், படலம் மறுபடி வளர்கிறது என்பது. இறங்காமல் நின்றாலோ கெப்பாசிட்டர் சூடானாலோ நிறுத்திவிட்டுப் புதியது வாங்குங்கள், சில வெள்ளி (டாலர்) தான். வால்வு ஆம்பிளிஃபையரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும் என்பதால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: புதைத்த இரும்புக் குழாயில் ஓரிடத்தில் மட்டும் ஆழமான குழி

இது கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு. சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) பாதை 1987 நவம்பர் 7 அன்று இயங்கத் தொடங்கியது முதல் அதற்கு 750 வோல்ட் டிசி மூன்றாம் தண்டவாளத்தில் வருகிறது. 2003இல் திறந்த வடகிழக்குப் பாதைக்கு மேலே போகும் கம்பியில் 1500 வோல்ட் டிசி. டிசி ரயில்களில் மின்சாரம் பொதுவாகச் சக்கரம் ஓடும் தண்டவாளம் வழியாகவே திரும்பும். தண்டவாளத்துக்கு மின்காப்பு செய்தாலும், உலகில் எந்த டிசி ரயிலிலும் சிறு பங்கு மண்ணில் இறங்கும். அது குழாயில் ஏறி, வசதியான வேறோர் இடத்தில் வெளியேறும். ஏறும் இடத்தில் குழாய்க்கு ஒன்றும் ஆகாது, வெளியேறும் இடம் கரையும். 1 ஆம்பியர் ஓராண்டில் 9 கிலோ இரும்பைக் கொண்டுபோகும். பூச்சு நன்றாக இருந்து ஒரே ஒரு சிறு ஓட்டை இருந்தால் நிலைமை இன்னும் மோசம், முழு மின்னோட்டமும் அந்த ஓட்டையிலேயே வெளியேறும்.

மண் அரிப்பா, வழிதவறிய மின்னோட்டமா என்று பிரிக்கக் கடிகாரமே போதும். செம்பு-செம்புச் சல்பேட் ஒப்பீட்டு மின்வாயை ஈரமண்ணில் வைத்து, குழாயின் மின்னழுத்தத்தை 24 மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். பகலில் ரயில் வரும்போதெல்லாம் அளவு குதித்து, பின்னிரவில் ரயில் ஓடாத மணிகளில் கோடு போல அமைதியானால் காரணம் ரயில் மின்சாரம். நாள் முழுவதும் மெதுவாகவே நகர்ந்தால் மண்ணையும் வேறு உலோக இணைப்புகளையும் பாருங்கள். கேத்தோடு முறையில், அதாவது குழாயையே மைனஸ் பக்கமாக்கி, காக்கப்படும் குழாய் என்றால் அளவு −850 மில்லிவோல்ட்டோ அதைவிட எதிர்மின்னாகவோ இருக்க வேண்டும். குதிக்கும் நேரங்களில் அது −850ஐ விட்டு மேலேறுகிறதா என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழியை மட்டும் அடைத்துப் புதிய பூச்சு போட்டு மூடிவிடாதீர்கள், மின்னோட்டம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப்போகும். மின்காப்பு இணைப்பு போடுவதா, கம்பி வழியாக மின்னோட்டத்தைப் பாதுகாப்பாகத் திருப்பி அனுப்புவதா, கேத்தோடு பாதுகாப்பைக் கூட்டுவதா என்பதை அரிப்புப் பொறியாளர் முடிவு செய்வார். எரிவாயுக் குழாய் அருகில் இருந்தால் தோண்டும் முன்பே அதன் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பொறியாளரிடம் போகும்போது 24 மணிநேரப் பதிவையும், குழியின் படத்தையும், குழி குழாயின் எந்தப் பக்கத்தில், தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள்.